தெள்ளுக்குப் போட்ட வெள்ளை மேஸ்

யோகலிங்கம் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் முதன்முதலாகக் காலுக்கு மேஸ் என்கிற காலுறை போட்டது தெள்ளுப்பூச்சிக்காகத்தான். கலியாணத்துக்கே போடாத மனுசன். மகள் யதுர்ஷிகா பள்ளிக்கூடத்துக்குப் போட்ட வெள்ளை மேஸ் ஒரு சோடி அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதைக் கெண்டைக்கால்வரை இழுத்து ஏற்றி, சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, நெல்மூடை அடுக்கியிருந்த நடு அறைக்குள் வீதி உலா வரும் சுவாமியைப் போல மெல்ல மெல்ல நடந்தார். பிறகு குசினி, சாமியறை, கடைசியாக மகளுக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்த தெற்கு அறை. நடந்து முடித்து விறாந்தை வெளிச்சத்துக்கு வந்து குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேஸ் இரண்டிலும் எள்ளுத் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இடதுகாலில் முப்பத்தொன்று. வலதுகாலில் இருபத்தாறு எண்ணுவதற்குள் மிச்சம் பாய்ந்து போய்விட்டன.

இந்த யோசனை மகளுடையது. வவுனியாவில் புருசன் வீட்டில் எட்டரை மாத வயிற்றோடு இருந்துகொண்டு போனில் சொன்னாள்.

"அப்பா, வெள்ளை மேஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளை ஒருக்கா நடந்து பாருங்கோ. எத்தினை ஏறுதெண்டு வடிவாத் தெரியும். இன்ரநெற்றிலை கிடக்கு."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தலைப்பிள்ளை தாய்வீட்டுக்குத்தான் வரவேண்டும். வவுனியா ஆசுபத்திரியில் பிள்ளையைப் பெற்று, அங்கிருந்து நேரே முத்தையன்கட்டுக்கு வருவதென்று முடிவாகியிருந்தது. யோகலிங்கத்தின் மனைவி இராசமலர், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு எல்லாம் வாங்கி வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டா. பழைய வேட்டிகளைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்து, பெட்டிக்குள் அடுக்கியும் வைத்துவிட்டா. அதற்கிடையில் வீட்டுப் பூனையில் இந்தத் தெள்ளு. விசயம் சம்பந்தியின் காதுக்கும் போய்விட்டது. அவவின் வீட்டில் நிலமெல்லாம் மாபிள். "தெள்ளு கிடக்கிற வீட்டுக்குப் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோறதோ? பிள்ளை இஞ்சையே இருக்கட்டும்" என்று அவ சொன்னதில் யாரும் பிழை பிடிக்கமுடியாது. அன்றைக்கு இராசமலர் மடித்து வைத்த துணிகளைத் திரும்ப எடுத்து, உதறி, திரும்ப மடித்தா. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சம்பந்தி நேரே வந்து நாலு ஏச்சு ஏசியிருக்கலாம் என்று அவருக்குப் பட்டது.

யோகலிங்கம் காரியம் பார்க்கிற மனுசன். ஒரு பிரச்சினை வந்தால் அதன் வேரைப் பிடுங்கவேண்டும் என்பார். யானை வயலுக்குள் இறங்கினால் அது எந்தப் பக்கத்தால் வந்தது, வேலி எங்கே அறுந்தது என்று பார்த்துக் கட்டுகிறவர். தெள்ளு எந்தப் பக்கத்தால் வந்தது? பூனையால் வந்தது. பூனையைக் கொண்டுபோய் விட்டால் தெள்ளு போகும். இவ்வளவுதானே கணக்கு. ஐந்து நாளுக்கு முதல், இராசமலர் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கட்டைவாலியை ஓர் உரப்பைக்குள் போட்டார்.

பூனையைக் கொண்டுபோய் விடுவதற்கு ஊரில் ஒரு முறை இருக்கிறது. பையை மூன்று தரம் சுழற்றவேண்டும், அதற்குத் திசை மறந்துபோகும். ஏதாவது ஒரு தண்ணீரைக் கடந்து போகவேண்டும், வந்த வழி பிடிபடாது. அவர் இரண்டையும் செய்தார். சுழற்றும்போது "குறை நினையாதை" என்று பைக்குச் சொல்லவும் செய்தார். ஒட்டுசுட்டான் தாண்டி, மாங்குளம் தாண்டி, மல்லாவிச் சந்தைவரை மோட்டச்சைக்கிளில் போனார். பக்கத்தில் எங்கேயாவது காட்டுக்கரையில் விட்டிருக்கலாம். ஆனால் பட்டினி கிடக்கக்கூடாது என்று மீன் விற்கிற இடத்துக்குப் பின்னால் பார்த்து விட்டார். அந்தளவுக்கு நல்ல மனுசன்தான். வீட்டுக்கு வந்து, "பூனையைக் காணேல்லை, காட்டுப் பக்கம் போயிட்டுதாக்கும்" என்று மனைவிக்குச் சொன்னார். இராசமலர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருவலையை இழுத்துப் போட்டுத் தேங்காய் திருவத் தொடங்கினா. திருவுகிற சத்தம் கேட்டால் எந்த வளவில் நின்றாலும் கட்டைவாலி ஓடிவரும். கடைசித் திருவலில் ஒரு பிடி அதற்குத்தான். அன்றைக்கும் அந்தப் பிடியை மூலையில் வைத்தா. எறும்பு வந்து தின்றது.

அந்தப் பூனைக்கும் இராசமலருக்கும் உள்ள கதை வேறு. இரண்டாயிரத்துப் பத்தில், சண்டை முடிந்து, முகாமிலிருந்து காணி பார்க்க விட்ட முதல் நாள், இரண்டு பேரும் இந்த வளவுக்குள் வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தால், அடுப்புச் சாம்பலுக்குள் ஒரு கட்டைவால் பூனை இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது. நீங்கள் ஆர் என்று கேட்பதுபோல் தலையைத் தூக்கிப் பார்த்தது. வழி முழுக்க அழாமல் வந்த இராசமலர் அப்போதுதான் அடுப்படியில் குந்தியிருந்து அழுதா. "வீட்டிலை ஆள் இருந்திருக்கப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதா. இப்போதிருக்கிற கட்டைவாலி அந்தப் பரம்பரையில் எத்தனையாவதோ தெரியாது. வால் அதே அரைச்சாண்தான், நுனியில் அதே முடிச்சுத்தான்.

சரி, பூனை போய்விட்டது. தெள்ளு போகவேண்டுமே? போகவில்லை. மூன்றாம் நாள் இராசமலரின் கணுக்காலைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு. நாலாம் நாள் இருவரும் விறாந்தையில் கதிரைக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள்தான் இந்த மேஸ். அவருக்கு ஒன்றுமாய் விளங்கவில்லை. மேஸிலிருந்து வழித்தெடுத்த நாலைந்தைக் குளிசைப் போத்தலுக்குள் போட்டு மூடிக்கொண்டு, ஒட்டுசுட்டானில் மிருக வைத்தியரிடம் வெளிக்கிட்டார்.

வைத்தியர் சாரங்கா என்கிற இளம்பெட்டை. யோகலிங்கத்தின் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவர் போத்தலை மேசையில் வைத்து, "நெல்லுக்கு அடிக்கிற மருந்தை டாங்கியிலை கலந்து வீடு முழுக்க ஒருக்கா விசிறி விடட்டோ, டொக்டர்? மாட்டு உண்ணிக்கு நாங்கள் அதைத்தான் துடைக்கிறனாங்கள்" என்று கேட்டார்.

"பச்சைப்பிள்ளை வரப்போற வீட்டிலையோ, ஐயா?" என்றாள் அவள். பிறகு போத்தலிலிருந்து ஒன்றை எடுத்து மைக்கிறோஸ்கோப்பில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, "வந்து ஒருக்காப் பாருங்கோ" என்று கதிரையை நகர்த்தினாள்.

ஒரு கண்ணை மூடி மற்றதை வைத்துப் பார்த்தார். முதலில் ஒரே வெளிச்சம். பிறகு அது வந்தது. தேன் நிறத்தில், பளபளவென்று, பக்கவாட்டில் தட்டையாய், மயிருக்குள் நுழைந்து போவதற்கென்றே அளவெடுத்துச் செய்த உடம்பு. பின்பக்கம் சாய்ந்த முள்மயிர்கள், ஒன்றுகூடப் பிசகாமல் வரிசையாய். பின்னங்கால்கள் இரண்டும் மடித்து, எழும்பத் தயாராய்க் குந்தியிருக்கிற ஆளின் கால்களைப் போல. இதைத்தானா இத்தனை நாள் நகத்தால் நசித்தோம் என்று இன்னும் கிட்டக் குனிந்தார். அவள் பக்கத்தில் நின்று, அது தன் உயரத்தைப்போல நூறு மடங்கு பாயும் என்றாள். அவர் கண்ணை எடுக்காமலே யானைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தப் பாய்ச்சல் யானைக்கு வாய்த்திருந்தால் மின்சார வேலி என்ன, குளக்கட்டு என்ன, முழு வயலையும் ஒரே எட்டில் தாண்டியிருக்கும். நல்லகாலம், கடவுள் ஆளறிந்துதான் கொடுத்திருக்கிறார்.

"பூனை எங்கை ஐயா?"

"அது... காணேல்லை."

"எத்தினை நாளா?"

"அஞ்சு நாள்."

"உங்களைக் கடிக்கத் தொடங்கி எத்தினை நாள்?"

"அதுவும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். தன் வாயிலிருந்து வருகிற பதில் அவருக்கே கேட்டது. "அதுவும் ஒரு மூண்டு, நாலு நாள்தான்."

"அதுவரைக்கும் உங்களுக்குப் பதிலா அந்தப் பூனைதான் கடி வாங்கினது" என்றாள் சாரங்கா. அவள் அதைக் குற்றமாய்ச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோல்தான் சொன்னாள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

அவள் விளக்கமாய்ச் சொன்னாள். பூனையில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீட்டுக்குள்தான், சீமெந்து வெடிப்புக்குள், மூடைக்குக் கீழே, சின்னச் சின்னக் கூடு கட்டிக் கிடக்கும். கூட்டுக்குள் மருந்து போகாது. அங்கே கிடந்து கிழமைக்கணக்காய், மாதக்கணக்காய்க்கூடக் காத்திருக்கும். எதற்கென்றால், காலடிக்கு. நிலம் அதிரவேண்டும், சூடு தெரியவேண்டும், ஆரோ மூச்சு விடவேண்டும். அப்போதுதான் வெளியே வரும். ஆளில்லாத வீட்டைத் திறந்து உள்ளே போனால் எல்லாம் ஒரேயடியாய் எழும்பிவரும். யோகலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். பத்தாம் ஆண்டு, கூரையில்லாத வீட்டுக்குள் முதல் அடி வைத்தபோது கால் முழுக்கக் கறுப்பாய் ஏறியது அவருக்கு ஞாபகம் வந்தது. கரியோ, நெருப்புப் பிடித்த தூசியோ என்று தட்டிவிட்டார்கள். அது தூசியில்லை. அந்த வீட்டில் அவர்களுடைய காலடிக்குக் காத்திருந்த சீவன்கள்.

"அப்ப என்ன செய்யிறது, பிள்ளை?" டொக்டர் என்று கூப்பிட மறந்துபோனார்.

"பூனைதான் மருந்து. பிடரியிலை, அது நக்கேலாத இடத்திலை, ஒரு துளி விடவேணும். விட்டுட்டு அதை வீட்டுக்குள்ளை நடமாட விடுங்கோ. எழும்பி வாறதெல்லாம் அதிலை ஏறும். ஏறினது சாகும். ஒவ்வொரு நாளும் வெடிப்பு வழியக் கூட்டித் தூசு தும்பை எரியுங்கோ, மூடையளை வெயிலிலை போடுங்கோ. ஆனா பூனை இல்லாட்டி ஏறுறதுக்கு நீங்கள்தான் இருக்கிறியள்." அவள் லாச்சியைத் திறந்து, மருந்தைத் தேடியபடி, "பூனை என்ன நிறை இருக்கும்? அதைப் பாத்துத்தான் மருந்து" என்றாள்.

"மூண்டரைக் கிலோ" என்றார் உடனே. நெல்மூடையைத் தூக்கியே நிறை சொல்கிற கை. உரப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டச்சைக்கிள்வரை நடந்தபோது அறிந்த நிறை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். சாரங்கா அவரை ஒரு தரம் பார்த்தாள். மருந்தை நீட்டினாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மல்லாவிச் சந்தையில் நின்றார். மீன் மேசைகளில் ஒன்றில் மார்கிறட் என்கிற மனுசி, முல்லைத்தீவுக் கரையிலிருந்து நாளாந்தம் வருகிறவ, விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தா. இவர் கையிலிருந்த வெறும் உரப்பையையும், மேசைகளுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்க்கிற விதத்தையும் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவவால் முடியவில்லை.

"ஆரைத் தேடுறியள் அண்ணை? கட்டைவாலையோ?"

அவர் தலையாட்டினார்.

"கொண்டுவந்து விடுறவையைக் கனக்கக் கண்டிருக்கிறன். தேடி வந்தது நீங்கள்தான் முதல் ஆள்" என்று சொல்லிக் கத்தியால் மேலே காட்டினா. தகரக் கூரைக்குக் கீழே, குறுக்கு மரத்தில், கட்டைவாலி இருந்தது. மீன் தலை தின்று ஆறு நாளில் ஒரு சுற்றுப் பருத்திருந்தது. அவரைக் கண்டது. அவர் கையிலிருந்த பையையும் கண்டது. எழும்பி இன்னும் எட்டத்துக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"முதல்லை அந்தப் பையைக் கண்காணாத இடத்திலை வையுங்கோ" என்றா மார்கிறட். "ஒருக்காப் போட்ட பைக்குள்ளை நீங்கள் எண்டா போவியளோ?"

பையைச் சுருட்டி மேசைக்குக் கீழே தள்ளினார். கூப்பிட்டுப் பார்த்தார். வீட்டில் பூனையைக் கூப்பிட்டுப் பழகாத குரல், தலைவாசலில் நின்று வேலைக்காரனைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. சூடை மீனை நீட்டினார். வயிறு நிறைந்த பூனை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அரைமணித்தியாலம் போயிற்று. சனம் நின்று பார்க்கத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். இந்த வயதில் இதைவிடக் கஷ்டமான அழைப்பு அவர் எடுத்ததில்லை.

"மலர்... நான் மல்லாவியிலை நிக்கிறன். பூனை தானாப் போகேல்லை. நான்தான் கொண்டுவந்து விட்டனான்."

இராசமலர் அவசரப்படாமல் சொன்னா.

"தெரியும். உரப்பையைத் தோய்ச்சுக் கொடியிலை போட்டனான் நான்தானே. உள்ளுக்கு முழுக்க அதின்ரை மயிர்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்."

பூனை மேலே இருந்து வருகுதில்லை என்று மட்டும் சொன்னார். "போனைச் சத்தமா வைச்சு அதுக்குக் கேக்கிற மாதிரிப் பிடியுங்கோ" என்றா இராசமலர். பலகை இழுபடுகிற சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம். பிறகு கர்க், கர்க், கர்க்கென்று, நாற்பது மைலுக்கு இல்லாவிட்டாலும் இருபத்தைந்துக்குக் குறையாத தூரத்திலிருந்து, முத்தையன்கட்டுக் குசினியின் திருவல் சத்தம் மல்லாவிச் சந்தைக்குள் கேட்டது.

கட்டைவாலியின் ஒரு காது திரும்பியது. மற்றக் காதும் திரும்பியது. அது எழும்பிக் குறுக்கு மரத்தால் நடந்து, தூணைப் பிடித்து, பின்பக்கம் முன்னாக இறங்கி, சனத்தின் கால்களுக்கு நடுவால் நேரே வந்து, போனை முகர்ந்தது. போனின் பின்பக்கத்தையும் சுற்றிப் பார்த்தது. பிறகு அவருடைய கையை முகர்ந்தது. மார்கிறட் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா. "என்ரை மாதாவே, சத்தத்துக்கு வருகுது" என்று மெல்லச் சொன்னா. யாரும் சிரிக்கவில்லை. யோகலிங்கம் நிலத்தில் குந்தியபடி அதன் முதுகில் கையை வைத்தார். இத்தனை வருசத்தில் அதைத் தடவுவது அதுதான் முதல் தரம். சூடாயிருந்தது. உள்ளே ஏதோ ஒரு சின்ன இயந்திரம் ஓடுகிறதுபோல் அதிர்ந்தது.

மார்கிறட் தந்த இரண்டு மீன்பெட்டிகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி, உள்ளே பூனையோடு, முப்பதுக்கு மேல் ஓடாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இராசமலர் பெட்டியைத் திறந்து, அதன் மூஞ்சையை ஒரு தரம் பிடித்துப் பார்த்து, "கடல்மீன் தின்று கொழுத்திட்டாய்" என்றா. அவரோடு கதைக்கவில்லை. ஆனால் தேத்தண்ணி வந்தது. சீனியும் அளவாய்ப் போட்டிருந்தது.

பிடரி மயிரை இராசமலர் வகிடு பிரித்துப் பிடிக்க, யோகலிங்கம் துளியை விட்டார். அடுத்த நாள் விடிந்த பிறகு அவர் மேஸைப் போட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் நடந்தார். அது அவசரப்படவில்லை. நடு அறைக்குள் போய் ஒவ்வொரு மூடையாய்ச் சுற்றியது. வெடிப்புகளுக்கு மேலால் நடந்தது. மூலையில் குந்தியது, எழும்பியது, சாமியறைக்குப் போனது, அங்கேயும் குந்தியது. போகிற இடமெல்லாம் நிலத்துக்குள் கிடந்தவை எழும்பி அதில் ஏறுகின்றன என்று அவருக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியவில்லை. தான் பார்த்த அந்தத் தேன்நிறச் சீவன்கள், இருட்டுக்குள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து, ஒரு காலடியை நம்பி எழும்பி, வந்த ஆளில் ஏறிச் சாகின்றன. கொன்றுதான் ஆகவேண்டும், அதில் அவருக்கு இரண்டு மனம் இல்லை. ஆனாலும் அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க அவருக்கு அதிசயமாயிருந்தது. ஒரு மனுசனால் இப்படிக் காத்திருக்க முடியுமா?

அதை அவர் மனைவியிடம் சொன்னார், வெடிப்புகளைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தபோது. இராசமலர் கூட்டுவதை நிறுத்தினா.

"அப்ப அண்டைக்கு எங்கடை காலிலை ஏறினதும் இதுகளோ?"

"ஓம்."

"பூனை இருந்தபடியாத்தான் இதுகளும் இருந்திருக்கு" என்றா அவ. அந்த வெடிப்பைத் திரும்பக் கூட்டத் தொடங்கினா.

காலையில் பூனை படுத்தெழும்பிய வேட்டித்துண்டை உதறினால் கறுப்பாய்ச் செத்துக் கொட்டும். முதல் கிழமை ஒரு சிரட்டையின் அடி மறையுமளவுக்கு. கொட்டியது போக, மிளகுத்தூள்போல் ஒட்டியிருந்ததில் தண்ணீர் பட்டபோது சிவப்பாய்க் கரைந்தது. அவருடைய இரத்தமும் அதற்குள் இருக்கிறது, இராசமலருடையதும், பூனையுடையதும், யார் யாருடைய இரத்தம் என்று பிரிக்கமுடியாது. மேஸில் ஏறுவது ஐம்பதிலிருந்து முப்பதாயிற்று, பதினொன்றாயிற்று, ஒரு நாள் திரும்ப இருபதுக்கு ஏறிப் பயப்படுத்தியது, பிறகு ஏழு, நாலு. இதற்கிடையில் வவுனியாவில் பிள்ளையும் பிறந்துவிட்டது. பொம்பிளைப்பிள்ளை.

வைத்தியசாலையால் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாள் காலை யதுர்ஷிகா போன் எடுத்தாள். வான் வாசலில் நிற்கிறது, வலப்பக்கம் திரும்பினால் மாமியார் வீடு, இடப்பக்கம் திரும்பினால் முத்தையன்கட்டு.

"இண்டைக்கு எத்தினை, அப்பா?"

இராசமலர் பக்கத்தில் நின்று, அவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பூச்சியம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் குனிந்து மேஸைப் பார்த்தார்.

"ரண்டு" என்றார். "ரண்டு இருக்கு பிள்ளை. முழுக்கப் போயிட்டுது எண்டு சொல்லமாட்டன்."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டார்கள். மகள் மெல்ல என்னவோ மறுமொழி சொன்னாள். சின்னதாய் ஓர் அழுகை கேட்டது, ஆட்டுக்குட்டியின் குரலைவிட மெலிசாய். இராசமலர் தலைவாசல் தூணைப் பிடித்துக்கொண்டா.

"சரி அப்பா" என்றாள் யதுர்ஷிகா. "ரண்டெண்டா ரண்டு. நாங்கள் வாறம்."

பத்தரை மணிக்கு வான் வந்து படலையில் நின்றது. யதுர்ஷிகா மெதுவாய் இறங்கினாள். கையில் பிள்ளை. இராசமலர் அனுப்பிவைத்த, அவித்து மடித்த வேட்டித்துணிக்குள் சுற்றியிருந்ததில் வெளியே தெரிந்தது ஒரு பாதம் மட்டும்தான். யோகலிங்கத்தின் பெருவிரலளவு இருக்கும். இன்னும் நிலத்தில் படாத பாதம், செம்பரத்தை மொட்டின் நிறம். அவர் அதைக் கண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்கிறதுபோல் நின்றார். காலில் மேஸ் இருப்பதை மறந்துபோனார். இராசமலர் ஆலத்தித் தட்டோடு வந்தா. கட்டைவாலி வாசற்படியில் படுத்திருந்தது. எழும்பி, உடம்பை நீட்டி முறித்து, துணிக்குள் இருந்ததன் பக்கம் ஒரு தரம் மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு, முடிச்சு வாலை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி நடந்தது.

"கொஞ்சம் நில் பிள்ளை" என்றார் யோகலிங்கம். "நான் முன்னாலை போறன்."

சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினார். பூனைக்குப் பின்னால், மகளுக்கும் பிள்ளைக்கும் முன்னால், வெள்ளை மேஸ் போட்ட காலை ஒவ்வோர் அடியாய் நிலத்தில் ஓங்கி ஓங்கி ஊன்றி, எழும்புகிறது எல்லாம் இப்போதே எழும்பட்டும் என்று, தெற்கு அறைக்குள் நடந்து போனார்.